மதுரையிலிருந்து எந்தக் கடலுக்கு?

மதுரையில் கடல் கிடையாது. ஆனால் விடியுமுன் கிளம்பினால் காலை இட்லிக்குள் போய்ச் சேரக்கூடிய தூரத்தில் இரண்டு கடல்கள் இருக்கின்றன. கிழக்கே இராமநாதபுரம் தாண்டினால் பாக் விரிகுடா. தெற்கே தூத்துக்குடி, திருச்செந்தூர் என்று இறங்கினால் மன்னார் வளைகுடா. உச்சிப்புளிக்குப் பக்கத்திலுள்ள அரியமான் கடற்கரை சுமார் 140 கி.மீ., தூத்துக்குடி சுமார் 150, இராமேசுவரம் 170, திருச்செந்தூர் 180. போய்வர ஆறேழு மணி நேரம் சாலையிலேயே கழியும் என்பதால், ஞாயிற்றுக்கிழமைக்குத் திட்டம் போடும் குடும்பங்கள் பெரும்பாலும் ‘எது பக்கம்?’ என்றுதான் கேட்கின்றன. முதலில் கேட்க வேண்டியது வேறு. இந்த மாதம், இந்தக் காற்றில், எந்தக் கடல் அடங்கிக் கிடக்கிறது? இந்த இரண்டு கடல்களும் ஒரே நாளில் ஒரே மாதிரி இருப்பது அபூர்வம்.

மதுரை கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து கிழக்குக் கடலோரம் நூறு கிலோமீட்டருக்குச் சற்று மேலே. அதாவது கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர்தான் நிலம் தாழ்கிறது. வைகை அந்தச் சரிவிலேயே தயங்கித் தயங்கிப் போய், இராமநாதபுரம் பெரிய கண்மாயை நிரப்பி, மிஞ்சிய வெள்ளத்தை ஆற்றங்கரை என்னும் ஊரருகே பாக் விரிகுடாவில் விடுகிறது. தண்ணீருக்கு அடியிலும் அதே சமவெளிதான் தொடர்கிறது. அதனால்தான் பாக் விரிகுடா தாம்பாளம்போல அகன்றும் ஆழமற்றும் இருக்கிறது. பெரும்பகுதியில் பதினைந்து மீட்டர் ஆழம்கூடக் கிடையாது. சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், பனியுகத்தின் உச்சத்தில், உலகக் கடல்மட்டம் இன்றைவிட ஏறக்குறைய 120 மீட்டர் கீழே இருந்தது. அப்போது இந்த விரிகுடா முழுவதும் தரை. தேவிபட்டினத்தில் நவபாஷாணக் கற்கள் ஒன்பதும் கடலுக்குள்ளேயே நிற்க முடிவது அந்த ஆழமின்மையால்தான்.

மன்னார் வளைகுடாவின் சங்கதி வேறு. அது தெற்கே இந்தியப் பெருங்கடலைப் பார்த்துத் திறந்தே கிடக்கிறது. கரையை விட்டுத் தள்ளிப் போகப்போக ஆழம் நூற்றுக்கணக்கான மீட்டராக இறங்குகிறது. தனுஷ்கோடி முனையிலிருந்து தலைமன்னார் வரை சுமார் 30 கி.மீ. நீளத்துக்குக் கிடக்கும் மணல்திட்டு வரிசையும் இராமேசுவரம் தீவும் சேர்ந்து இரண்டு கடல்களுக்கும் நடுவில் வரப்பு கட்டியிருக்கின்றன. தனுஷ்கோடிப் பக்கம் கேட்டால் தெற்கில் இருப்பதை ஆண்கடல் என்றும் வடக்கில் இருப்பதைப் பெண்கடல் என்றும் சொல்வார்கள். ஒன்று பொங்கும், மற்றது அடங்கியிருக்கும் என்பது அதன் பொருள். ஆனால் ஆண்டின் எல்லா மாதத்துக்கும் அந்தக் கணக்கு சரிவராது என்பதும் அவர்களுக்கே நன்றாகத் தெரியும்.

காரணம் காற்று. வைகாசி பிறந்ததிலிருந்து புரட்டாசி வரை தென்மேற்கிலிருந்து அடிப்பதைக் கடலோரத்தில் கச்சான் என்கிறார்கள். மதுரையில் நாம் ஆடிக்காற்று என்று அனுபவிப்பதும் இதே தென்மேற்குப் பருவக்காற்றுதான். இது மன்னார் வளைகுடாவின் திறந்த பரப்பில் தடையில்லாமல் வந்து, மண்டபம், பாம்பன், தனுஷ்கோடி ஆகிய இடங்களின் தென்கரையில் நேராக மோதுகிறது. அலையின் உயரத்தை முடிவு செய்பவை மூன்று: காற்றின் வேகம், அது அடித்த நேரம், தண்ணீர் மேல் அது கடந்து வந்த தூரம். தென்கரையில் மூன்றும் கூடிவிடுகின்றன. அதே காற்று நிலத்தைத் தாண்டி வடகரையை அடையும்போது அதற்குக் கீழே கடல் அப்போதுதான் தொடங்குகிறது. கடந்து வந்த நீர்ப்பரப்பு என்று எதுவும் இல்லாததால் கரையோரத்தில் அலை எழும்புவதில்லை. ஆகவே ஜூன், ஜூலை, ஆகஸ்டில் அரியமானில் தண்ணீர் கண்ணாடியாக இருக்கும்போது, சில கிலோமீட்டர் தள்ளித் தென்கரையில் நின்றால் பேச்சுச் சத்தம்கூடக் கேட்காது.

ஐப்பசியில் வாடை திரும்பியதும் எல்லாம் தலைகீழாகிறது. வடகிழக்கிலிருந்து வரும் காற்று வங்காள விரிகுடாவைக் கடந்து, நீரிணை வழியாகப் பாக் விரிகுடாவுக்குள் நுழைகிறது. ஆழமற்ற நீரில் எழும் அலை குட்டையாகவும் செங்குத்தாகவும் இருக்கும். சில விநாடிக்கு ஒன்றாக மூச்சுவிட நேரம் தராமல் வரும். அடிமணலைக் கிளறித் தண்ணீரைச் சேறாக்கிவிடும். அந்த நாள்களில் தென்கரைதான் அமைதி. இராமேசுவரம் தீவில் நாட்டுப்படகுக்காரர்கள் பருவத்துக்கேற்ப ஒரு கரையிலிருந்து மறுகரைக்குத் தொழிலை மாற்றிக்கொள்வது காலங்காலமாக நடப்பது. அவர்கள் பிழைப்புக்காகக் கற்றுக்கொண்டதைத்தான் நாம் ஒருநாள் குளியலுக்காகக் கடன் வாங்குகிறோம். இரண்டு காற்றுக்கும் நடுவில், மாசி பங்குனியில், இரு கடலும் ஓரளவு ஒத்துப்போகும். தண்ணீரும் தெளிந்திருக்கும். தேதி நம் கையில் இருந்தால் மார்ச் மாதத்தைத்தான் நான் சொல்வேன்.

அமைதியான கரையிலும் ஓர் ஆபத்து ஒளிந்திருக்கிறது. கச்சான் காலத்தில் அரியமானில் காற்று நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசுகிறது. அலை இல்லை, ஆழம் இல்லை, பிள்ளைகளைக் காற்றடைத்த டியூபில் உட்கார வைத்தால் என்ன என்று தோன்றும். மிதக்கும் பொருளுக்கு அந்தக் காற்று ஒரு பாய்மரத் தள்ளு. கரையிலிருந்து விலகவிலக நிலத்தின் மறைப்புக் குறைந்து காற்றின் பிடி கூடும். பெரியவர் ஒருவர் இடுப்பளவு நீரில் ஓடிப்போய்ப் பிடிக்க நினைத்தாலும் டியூப் அவரை முந்திவிடும். காற்று முதுகில் அடிக்கும் கரையில் டியூபையும் பந்தையும் வண்டியிலேயே விட்டுவிடுங்கள்.

பாம்பனில் 1988இல் திறக்கப்பட்ட சாலைப் பாலத்தின் மேலிருந்து பார்த்தால் இந்தப் பாடம் முழுவதும் கண்முன் விரியும். வடக்கே ஒரு கடல், தெற்கே ஒரு கடல். நிறம் வேறு, அலை வேறு. பக்கத்திலேயே 1914இல் திறந்த பழைய ரயில் பாலமும், 2025 ஏப்ரலில் திறந்த, நடுப்பகுதி செங்குத்தாக உயரும் புதிய பாலமும். கீழே பாம்பன் கால்வாயில் தண்ணீர் ஆறுபோல ஓடுவதைக் கவனிக்கலாம். இரண்டு கடல்களின் நீர்மட்டமும் ஒரே நேரத்தில் ஏறி இறங்குவதில்லை. உயர்ந்த பக்கத்திலிருந்து தாழ்ந்த பக்கத்துக்கு, இருக்கிற குறுகிய வழியில் எல்லா நீரும் நெருக்கியடித்துப் பாய்கிறது. தனுஷ்கோடியின் அரிச்சல்முனையிலும் இதுவே நடக்கிறது. அங்கே இரண்டு பக்க அலைகளும் சந்திக்கின்றன, நீரோட்டம் முனையைச் சுற்றி வளைகிறது, காலடி மணல் இடம் மாறிக்கொண்டே இருக்கிறது. 1964 டிசம்பர் 22, 23 தேதிகளின் புயலில் ஓர் ஊரையே இழந்த இடம் அது. அரிச்சல்முனை பார்க்க வேண்டிய இடம். குளிக்கக் கூடாத இடம். இதில் விதிவிலக்கே வேண்டாம்.

மன்னார் வளைகுடாவும் எல்லா இடத்திலும் ஒன்றுபோல் முரட்டுத்தனம் காட்டுவதில்லை. இராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே கரையை ஒட்டி 21 சிறு தீவுகள் வரிசையாக இருக்கின்றன. அவற்றில் இரண்டை ஏற்கெனவே கடல் மூடிவிட்டது. 1986இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட இந்தத் தீவுகளைச் சுற்றிப் பவளப்பாறைகள். வெளிக்கடலிலிருந்து வரும் அலை, பாறைத்திட்டின் மேல் ஏறும்போது உடைந்து, அதன் கரடுமுரடான பரப்பில் உராய்ந்து, தன் ஆற்றலில் பெரும்பங்கை அங்கேயே இழக்கிறது. தூத்துக்குடி முத்துநகர் கடற்கரையில் அலை அடக்கமாக இருப்பதில் இந்தத் தீவுகளுக்கும் பங்கு உண்டு. தூத்துக்குடிக்குத் தெற்கே தீவு வரிசை முடிந்துவிடுகிறது. திருச்செந்தூரும் மணப்பாடும் வெறும் மார்போடு கடலை எதிர்கொள்கின்றன. மணப்பாட்டில் அலைச்சறுக்கு விளையாட வருகிறார்கள் என்பதிலிருந்தே அங்குள்ள அலையின் தரத்தைப் புரிந்துகொள்ளலாம்.

கடலைத் தேர்ந்தெடுத்தாயிற்று. இனி தேதி. இதற்குத் தமிழ் வீடுகளில் ஏற்கெனவே ஒரு கருவி சுவரில் தொங்குகிறது: தினசரிக் காலண்டர். அமாவாசையன்றும் பௌர்ணமியன்றும் சூரியன், பூமி, நிலவு மூன்றும் ஏறக்குறைய ஒரே கோட்டில் நிற்கின்றன. சூரியன், நிலவு இரண்டின் ஈர்ப்பும் ஒரே கோட்டில் கூடுவதால் ஓதத்தின் ஏற்றமும் வற்றமும் அதிகமாகின்றன. அஷ்டமி நாள்களில் நிலவு செங்கோணத்தில் நிற்க, ஒன்றின் இழுப்பை மற்றது பாதி கெடுக்கிறது. ஏற்ற வற்ற வேறுபாடு மிகக் குறைகிறது. விளைவு கடலில் தெரிய ஓரிரு நாள் தாமதமாகும். நம் கடற்கரையில் ஒரு நாளில் இரண்டு ஏற்றம், இரண்டு வற்றம். நிலவு பூமியைச் சுற்றி நகர்ந்துகொண்டே இருப்பதால் ஒவ்வொரு நாளும் இந்த நேரம் ஏறத்தாழ 50 நிமிடம் தள்ளிப்போகும். இன்று காலை எட்டு மணிக்கு நீர் உச்சத்தில் இருந்தால் நாளை எட்டு ஐம்பதுக்கு. ஒரு நாள் நேரம் தெரிந்துகொண்டால் அந்த வாரம் முழுவதையும் மனக்கணக்கிலேயே போட்டுவிடலாம்.

‘திருச்செந்தூரில் கடல் உள்வாங்கியது, பக்தர்கள் அச்சம்’ என்று அடிக்கடி செய்தி வருகிறது. வந்த தேதியை எடுத்துக் காலண்டரோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அமாவாசை அல்லது பௌர்ணமியை ஒட்டியே அது பெரும்பாலும் இருக்கும். நம் பகுதியில் ஓத வேறுபாடு ஒரு மீட்டருக்கும் குறைவுதான். ஆனால் நூறு மீட்டர் நடந்தால் ஒரு மீட்டர் மட்டுமே இறங்கும் சரிவான கரையில், நீர்மட்டம் அரை மீட்டர் தாழ்ந்தாலே கரைக்கோடு 50 மீட்டர் பின்வாங்கிவிடும். பாசி படிந்த பாறைகள் வெளியே தெரியும். 2004 ஆழிப்பேரலையைப் பார்த்தவர்களுக்கு அந்தக் காட்சி பயம் தருவது இயல்பு. வேறுபாட்டைத் தெரிந்துகொள்வது எளிது: ஓதம் இறங்க ஏறக்குறைய ஆறு மணி நேரம் எடுத்துக்கொள்ளும். ஆழிப்பேரலைக்கு முன் நீர் நிமிடங்களில் வடியும், அதற்கு நிலவோடு தொடர்பு கிடையாது. கடல் கண்ணெதிரே விறுவிறுவென்று விலகினால் செல்போனை எடுக்காமல் மேட்டை நோக்கி ஓட வேண்டும். மற்றபடி ஓத வற்றம் என்றால் சிப்பி பொறுக்கும் நேரம். பாறையில் வழுக்கும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். தை, ஆடி அமாவாசைகளில் இராமேசுவரம் அக்னி தீர்த்தத்தில் கூட்டம் நெரியும் நாளே ஓத வேறுபாடு கூடும் நாளும் என்பதால், வயதானவர்களை அழைத்துப் போகிறவர்கள் படித்துறையில் எச்சரிக்கையாக இருக்க வேண்டும்.

நாளுக்குள் நேரத்தைத் தேர்ந்தெடுக்கச் சூரியனைக் கேட்க வேண்டும். ஒரு கிலோ தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்க சுமார் 4,200 ஜூல் ஆற்றல் தேவை. மணலுக்கு 800 போதும். போதாக்குறைக்குக் கடலில் வெயில் ஆழத்துக்கு இறங்கிக் கலந்துவிடுகிறது, மணலிலோ மேல்தோலோடு நின்றுவிடுகிறது. அதனால் பத்து மணிக்கு மேல் நிலம் கொதிக்க, அதன் மேலுள்ள காற்று எழும்ப, அந்த இடத்தை நிரப்பக் கடலிலிருந்து குளிர்ந்த காற்று புறப்படுகிறது. முற்பகலின் கடைசியில் தொடங்கும் கடற்காற்று பிற்பகலில் வலுத்து அலையைச் சலசலக்க வைக்கும். இரவில் நிலம் விரைவாகக் குளிர்ந்துவிடுவதால் காற்றின் திசை மாறும். விடிந்த பின் ஓரிரண்டு மணி நேரம் கடல் பெரும்பாலும் மிக அமைதியாக இருப்பதற்குக் காரணம், ஒரு காற்று ஓய்ந்து மற்றது இன்னும் தொடங்காததுதான்.

அந்தக் குளிர்ந்த காற்றே மதியத்தில் நம்மை ஏமாற்றுகிறது. வேர்வை உடனே உலர்வதால் சுடுவதே தெரிவதில்லை. தோலைக் கருக்குவதோ வெப்பம் இல்லை, புற ஊதாக் கதிர். அது காற்றால் குறையாது, மெல்லிய மேகத்தையும் பெரும்பாலும் ஊடுருவிவிடும். உலர்ந்த மணல் சுமார் 15 சதவீதத்தையும் அலை நுரை சுமார் 25 சதவீதத்தையும் திருப்பி அனுப்புவதால் குடைக்கு அடியிலும் முழுப் பாதுகாப்பு இல்லை. மதுரைக்குச் சூரியன் நேர் உச்சியில் வருவது ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்ட் கடைசியிலும். உச்சிவேளை நம் கடிகாரத்தில் பன்னிரண்டு மணிக்குச் சற்றுப் பிந்தியே வரும். கடிகாரத்தைவிட நல்ல அளவுகோல் நம் நிழல். அது நம் உயரத்தைவிடக் குட்டையாக இருக்கும்வரை மணலில் நிற்கக் கூடாது. கோடையில் கணக்குப் பார்த்தால் காலை ஒன்பதேகாலுக்குள்ளாகவே அந்த நேரம் தொடங்கி, பிற்பகல் மூன்றேகால் வரை நீள்கிறது. ஏழு மணிக்குக் கரையில் இருப்பவருக்கு இரண்டு மணி நேரம் நல்ல குளியல் கிடைக்கும். பத்தரைக்கு வந்து சேருகிறவருக்குக் கிடைப்பது கதிரும் காற்றும் மட்டுமே.

தண்ணீரில் இறங்குமுன் ஐந்து நிமிடம் நின்று அலை எங்கே உடைகிறது என்று பார்க்க வேண்டும். ஆழம் அலையின் உயரத்தைப் போல் ஏறத்தாழ 1.3 மடங்காகக் குறையும் இடத்தில் அலை உடையும். இடுப்புயர அலை உடைகிற இடத்தில் நம் மார்பளவுக்குத் தண்ணீர் இருக்கிறது என்று கொள்ளலாம். வரிசையாக வெண்ணுரை தெரியும் கரையில், நடுவே ஒரு துண்டு மட்டும் நுரையில்லாமல், கருத்து, அமைதியாகத் தெரிந்தால் அங்கே ஆழம் கூடுதல். கரைக்கு வந்து குவிந்த நீரெல்லாம் அந்த வாய்க்கால் வழியாகத்தான் கடலுக்குத் திரும்பிக்கொண்டிருக்கிறது. நீச்சல் தெரியாதவர் ‘இங்கேதான் அலை இல்லை’ என்று தேர்ந்தெடுப்பது சரியாக அந்த இடத்தைத்தான். இந்த இழுவை சில நேரம் விநாடிக்கு இரண்டு மீட்டரைக்கூடத் தாண்டும். அப்போது ஒலிம்பிக் வீரராலும் அதை எதிர்த்து நீந்தி வெல்ல முடியாது. அது ஆளை அடியில் இழுப்பதில்லை, வெளியே கொண்டுபோகிறது. சிக்கிக்கொண்டால் கரையை நோக்கிப் போராடாமல், மிதந்தபடி கையை உயர்த்திக் கூப்பிட வேண்டும். முடிந்தவர் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தினால் வாய்க்காலை விட்டு வெளியேறலாம். மீட்கப் பாய்கிற உறவினரும் சேர்ந்து போவது நம் கடற்கரைகளில் திரும்பத் திரும்ப நடக்கும் துயரம். கயிறோ, காலியான தண்ணீர்க் கேனோ எறிவதே சரியான உதவி.

காற்றே இல்லாத நாளில் எழும் அலை ஒன்றும் உண்டு. கேரளக் கரையில் அதைக் கள்ளக்கடல் என்கிறார்கள். இப்போது அறிவியல் உலகமும் அந்தப் பெயரிலேயே அழைக்கிறது. இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில் புயல் அடிக்கும்போது பிறக்கும் நெடிய அலைகள், ஒன்றுக்கும் அடுத்ததுக்கும் 18 விநாடி இடைவெளியோடு வடக்கே கிளம்புகின்றன. அத்தகைய அலைக்கூட்டம் மணிக்கு சுமார் 50 கி.மீ. வேகத்தில் நகரும். ஆறாயிரம் கிலோமீட்டரை ஐந்து நாளில் கடந்து, வானம் தெளிந்து காற்று ஓய்ந்த ஒரு காலையில், சித்திரை வைகாசி விடுமுறைக் கூட்டத்தின் நடுவே நம் தென்கரையில் வந்து ஏறும். முதல் சில அலைகள் சிறிதாகவே இருக்கலாம். 2024 மே 6 அன்று குமரி மாவட்டம் கணபதிபுரம் அருகே லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்களை இழந்தோம். கள்ளக்கடல் எச்சரிக்கை அப்போது நடப்பில் இருந்தது. ஹைதராபாத்திலுள்ள இந்திய தேசியக் கடல்சார் தகவல் சேவை மையம், இன்காய்ஸ், இந்த முன்னறிவிப்பைச் சில நாள் முன்பே தருகிறது. ஐந்து நாள் முன்பு புறப்பட்ட அலையைப் பற்றி முன்கூட்டிச் சொல்ல முடிகிறது என்பது எவ்வளவு பெரிய அறிவு! அது நாகர்கோவிலுக்கு வண்டி பிடிக்கும் இளைஞர்களின் காதுக்கு எட்டவில்லை என்பதுதான் வேதனை.

சாலையைப் பற்றி ஒரு வார்த்தை. உடலின் உள்கடிகாரம் இரவு இரண்டு மணியிலிருந்து ஐந்து மணி வரையிலும், மறுபடி பிற்பகலிலும் விழிப்பைத் தாழ்த்துகிறது. வெயிலில் நீரிழந்து, அலையில் ஆடிக் களைத்து, வயிறு நிறைய மீன் குழம்பு சாப்பிட்ட ஓட்டுநர் மூன்று மணிக்கு ஸ்டீயரிங்கைப் பிடிப்பது கடலைவிட ஆபத்தானது. முந்தின இரவு ஒன்பது மணிக்குப் படுத்து நாலரைக்குக் கிளம்புவது, மதியம் நிழலில் ஓட்டுநரை அரைமணி நேரம் தூங்கவிடுவது, இந்த இரண்டையும் திட்டத்திலேயே எழுதிக்கொள்ள வேண்டும்.

மதுரை மாட்டுத்தாவணியிலிருந்து இராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் திருச்செந்தூருக்கும் நாள் முழுக்கப் பேருந்துகள் போகின்றன. அந்த நடைமேடைகளில் இன்றைய காற்றின் திசை, அலையின் உயரம், ஓத நேரம், கள்ளக்கடல் எச்சரிக்கை உண்டா இல்லையா என்ற நான்கு வரியைத் தமிழில் எழுதி வைக்க ஒரு கரும்பலகை போதும். தகவல் இன்காய்ஸிடம் இலவசமாகவே கிடைக்கிறது. மாவட்ட நிர்வாகமும் போக்குவரத்துக் கழகமும் அடுத்த கோடை விடுமுறைக்குள் இதைச் செய்ய வேண்டும். அதுவரை, கரையில் வலை உலர்த்திக்கொண்டிருப்பவரிடம் ‘அண்ணே, இன்னைக்குத் தண்ணி எப்படி இருக்கு?’ என்று கேட்டுவிட்டு இறங்குங்கள். அவர் வேண்டாம் என்றால் திரும்பிவிடுங்கள்.